படத்தில் வந்து நின்றவள்

என் றுமைஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

மகள் சிபானாவின் பிறந்தநாளுக்குப் போனில் நான் போட்ட ஸ்டோரியைப் பார்த்திருப்பாய். மருதமுனைக் கடற்கரையில் மகளும் நானும் நிற்கிற படம். குவைத்திலிருந்து நீ அனுப்பிய படத்தில் உன்னை மட்டும் வெட்டியெடுத்து எங்கள் நடுவில் வைத்து, மேலே பலூன்களையும் பூக்களையும் அடுக்கினேன். உன் முக்காட்டின் ஓரத்தைச் சரியாக வெட்டவே ஒரு பின்னேரம் போயிற்று. உன் படத்தைத் தெரிவு செய்தவள் மகள்தான். அழகாக இருந்தாய், புள்ள.

நேற்று அந்த ஸ்டோரியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு மைமூனா மாமி இனிப்புக்கு வட்டிலப்பத்தோடு வந்துவிட்டார்.

"றுமைஸா வந்திரிக்காளாமே? பாத்துட்டுப் போக வந்தன்."

எனக்கும் ஒரு விளையாட்டுப் புத்தி. "ஓம் மாமி, உள்ள நித்திரை கொள்றா" என்றேன்.

சிபானா அறைக்குள் ஓடினாள். அந்தப் படத்தை நான் செய்யும்போது பக்கத்திலேயே இருந்த பிள்ளை. கட்டிலைப் பார்த்தாள், கதவுக்குப் பின்னாலும் பார்த்தாள். திரும்பி வந்து என் மடியில் ஏறி இருந்துகொண்டாள். மாமியிடம் உண்மையைச் சொன்னேன்.

நம் வீட்டுக் கூரைக்குக் காசு சேர்க்க இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே நிற்கட்டுமா என்று கேட்டிருந்தாய். கூரை வேலையைப் பிறகு பார்க்கலாம். நீ வா.

இப்படிக்கு,
உன் மகளின் வாப்பா