மாப்பிள்ளைக்கு மாடம்பாக்கத்தைக் காட்டியது

புதன், அக்டோபர் 1

புழுக்கம். மழை வருகிற மாதிரி சாயங்காலம் கொஞ்சம் பாவ்லா காட்டிவிட்டுப் போய்விட்டது. ஆயுத பூஜை லீவு. மாடி வீட்டில் ஸ்கூட்டருக்குக்கூட மாலை, பொட்டு.

தங்கை சுகந்தி மதுரையிலிருந்து போன். நாளைக் காலை வருகிறார்கள். அவள், கணவர் முரளி, பெண் நிலா. ஞாயிறு மாலை ரயிலில் திரும்புவது. வருஷா வருஷம் வருகிறவர்கள்தான். ஆனால் எனக்காக இல்லை, நிலாவின் தீம் பார்க்குக்காக. தாம்பரத்தில் இறங்கி, என் வீட்டில் பல் தேய்த்து, பார்க்குக்குப் போய், வந்து தூங்கி, மறுநாள் ஓட்டம். மாடம்பாக்கம் என்றால் அவர்களுக்குப் பல் தேய்க்கிற இடம்.

இந்தத் தடவை நான்கு நாள். காரணம் உண்டு. முரளிக்குப் பதவி உயர்வு. சென்னையா, பூனாவா, அவரே சொல்லலாம். திங்கட்கிழமை ஆபீசுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"அக்கா, நீ இதப் பத்தி வாயே திறக்காத. யாராவது இழுத்தா அவர் எதிர்ப்பக்கம்தான் போவார். சும்மா ஊரைச் சுத்திக் காட்டு, போதும்."

சரி. கணக்கு டீச்சர் நான்கு நாள் வாயைத் திறக்காமல்! இங்கே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள். சுகந்தி இந்த ஊருக்கு வந்துவிட வேண்டும். தனியாக இருப்பது பழகிவிட்டது. பிடிக்கத்தான் இல்லை.

காட்ட வேண்டியவை:
ஏரிக்கரை (காலையில் மட்டும். மாலையில் கொசு)
சிவன் கோயில்
ராஜகீழ்ப்பாக்கம் மிளகாய் பஜ்ஜி
ஞாயிறு, எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை
டிராஃபிக் (காட்டக் கூடாது)

வியாழன், அக்டோபர் 2

வெயில். பார்க். சென்னை மொத்தமும் அங்கேதான். நிலா ஒரே சறுக்கில் திரும்பத் திரும்ப ஏறினாள், என்னையும் இழுத்துக்கொண்டு. "பெரியம்மா, கத்துங்க. கத்தினாத்தான் ஜாலி." கத்தினேன். எட்டாம் வகுப்பு பி செக்‌ஷன் இரண்டு பேர் கீழே நின்று பார்த்தார்கள். என் மரியாதை இன்றோடு சரி.

முரளி ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் ஆபீசர். எதைப் பார்த்தாலும் விலை குறைத்துக் கேட்பதே வேலை. அங்கேயும் சோளக்கதிர்க்காரரிடம் பேரம். அவர் அசையவில்லை. முரளிக்கு முகம் சுருங்கிவிட்டது.

திரும்பும்போது ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஆட்டோ மாட்டிக்கொண்டது. காட்டக் கூடாததை முதல் நாளே காட்டியாகிவிட்டது.

"இன்னா சார் பண்றது, லீவு நாளு. எல்லாம் வந்துகினு கீறாங்க. குந்துங்க, போய்டலாம்" என்றார் ஆட்டோக்காரர்.

"மதுரையில இந்நேரம் திருமங்கலமே போயிருவேன்" என்றார் முரளி.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். நான்கு சாப்பிட்டார். கருத்து எதுவும் இல்லை.

வெள்ளி, அக்டோபர் 3

காலையில் மேகம், காற்று. ஏரிக்கரை நடை. இதைவிட நல்ல காலை கிடைக்காது. தண்ணீர் பாதிக்கு மேல். கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்தன. நிலா ஒன்றின் தாடைப் பையைப் பார்த்து, "பெரியம்மா, டிபன் பாக்ஸ்!" முரளி போனில். நடுவில் ஒரே ஒரு கேள்வி.

"மழைக்காலத்துல இந்தத் தண்ணி வீட்டுக்கு வருமாக்கா?"

"தெருவுக்கு வரும். எங்க வீடு முதல் மாடி."

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

மாலை சிவன் கோயில். நான் வெளியே செருப்புக்குக் காவல். இது எங்களுக்குள் வழக்கம். அவர்களுக்குக் கோயில், எனக்குச் சர்ச், சுகந்திக்கு இரண்டும். இத்தனை வருஷத்தில் சண்டை வந்ததெல்லாம் சாம்பாருக்குத்தான். மீனாட்சி கோயில் பார்த்து வளர்ந்தவருக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்தேன். வெளியே வந்து, "கூட்டமே இல்லக்கா, நிம்மதியா நின்னு பார்த்தேன்" என்றார். இரண்டு நாளில் முதல் பாராட்டு! ஒரு வரிதான். இருந்தாலும் பாராட்டு.

சனி, அக்டோபர் 4

விடிந்ததிலிருந்து மழை. கேரம். வெங்காய பக்கோடா. நிலாவிடம் தோற்றேன் (நிஜமாகவே). துணி எதுவும் காயவில்லை, ஃபேனுக்கடியில் ஊர்ப்பட்ட துணி.

மத்தியானம் சமையலறைப் பக்கம் போனேன். முரளி குரல்.

"பூனாவுல கம்பெனி ஃப்ளாட், சுகந்தி. யோசிச்சுப் பாரு. இங்க உங்க அக்காவ விட்டா நமக்கு யாரத் தெரியும்?"

சுகந்தி பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்.

வந்த காலோடு திரும்பிவிட்டேன். அவர் சொன்னதில் தப்பு இல்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. என்னை மட்டும் வைத்து ஒரு ஊருக்கு யார் குடி வருவார்கள்? ரொம்ப வருத்தம். ராத்திரி ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள், பாவம்.

ஞாயிறு, அக்டோபர் 5

மழை விட்டது. பளிச்சென்று வெயில். ஆராதனை முடிந்து அறுப்பின் பண்டிகை ஏலம். ஆளாளுக்கு வீட்டில் விளைந்தது, சமைத்தது, வளர்த்தது எல்லாம் கொண்டுவந்து கொடுப்போம். சர்ச் செயலர் சாமுவேல் சார் ஏலம் விடுவார். ஒரு எலுமிச்சம்பழத்தை ஐந்நூறுக்கு எடுப்பார்கள். எடுத்தவரே திருப்பிக் கொடுப்பார், மறுபடி ஏலம். எல்லாம் காணிக்கை. சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

முரளிக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. மறந்தே போனேன்.

சேவல் வந்தது. "ஆயிரம்!" என்றார் சாமுவேல் சார்.

முரளி எழுந்து நின்றார். "ஐந்நூறு."

சாமுவேல் சார் மைக்கை இறக்கினார்.

"தம்பி, ஏத்திக் கேக்கணும்."

"எதுக்கு சார் ஏத்தணும்? ரெண்டு கிலோகூட தேறாது. கால் வேற நொண்டுது. நானூத்தம்பது, அதுக்கு மேல இல்ல."

இறக்குகிறார்! கடவுளுக்கான ஏலத்தில் இறக்குகிறார்! பந்தலே வெடித்துச் சிரித்தது. பின்னாலிருந்து மீன் விற்கிற லில்லி அக்கா, "யாரு வூட்டு மாப்ள இது? இன்னாமா பேரம் பேசுது!" நான் எழுந்து, "எங்க வீட்டு மாப்பிள்ளைதான்" என்றேன். பூனா நிச்சயம் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

சுகந்தி அவர் காதில் விஷயத்தைச் சொன்னாள். காது வரை சிவந்துவிட்டார். எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். அதற்குள் சாமுவேல் சார் மைக்கை நீட்டி, "மாப்ள, எனக்குத் தொண்டை போச்சு. இவ்ளோ பேசறீங்களே, மேல வந்து நீங்களே வித்துக் குடுங்க" என்றார்.

போனார்! ஒரு நிமிஷம் பேந்தப் பேந்த முழித்தார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள்.

"தினமும் என் எதிர்ல உக்காந்து விலைய ஏத்தறவங்களப் பாத்துக்கிட்டே இருக்கேன். எனக்கா ஏத்தத் தெரியாது? இந்தச் சேவல் நொண்டலைங்க, ஸ்டைலா நடக்குது!"

சேவல் மூன்று கை மாறியது. பூசணி, முறுக்கு, லில்லி அக்காவின் கருவாடு, எல்லாம் பறந்தது. சாமுவேல் சாரே இப்படி விற்றதில்லை. விருந்தில் இலைக்கு இலை, "மாப்ள, இன்னும் ஒரு கரண்டி." "மாப்ள, கிறிஸ்மஸுக்கு வருவீங்கல்ல?" முரளிக்கு வேர்த்து, சட்டை நனைந்து, முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கல்யாணத்தில்கூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நிலா எங்கேயோ பத்துப் பெண்களோடு ஓடிக்கொண்டிருந்தாள்.

மாலை தாம்பரம் ஸ்டேஷன். முரளிக்குக் குரலே இல்லை. ரயில் வந்ததும் சுகந்தியையும் நிலாவையும் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார். கிசுகிசுவென்று:

"அக்கா, உங்க எதிர் வீட்டுல வாடகைக்குன்னு போர்டு தொங்குதே. அந்த நம்பர அனுப்புங்க. நீங்க பேசிராதீங்க. வீட்டுக்காரர் சொன்ன வாடகைக்குத் தலையாட்டிருவீங்க. தொண்டை சரியானதும் நானே பேசுறேன்."

அவ்வளவுதான். ஏறிவிட்டார். ஜன்னலில் சுகந்தி, சிரிப்பா அழுகையா தெரியாத ஒரு முகம். ரயில் போன பிறகு பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பக்கத்தில் இருந்த ஆள் நகர்ந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் எதிர் வீட்டு கேட்டில் நின்று நம்பரை எடுத்து அனுப்பினேன். பேசவில்லை. தெருவில் யாரும் இல்லை. போர்டைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.