இனிக்கும் ரசம்

கீர்த்தனா,

கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், மேஜைமேல் இருக்கிறது. இன்று கடைசி நாள். அல்சூரில் மெட்ரோ ஏறிப் போ.

"ஸ்பானிஷ் படித்தால் யார் வேலை தருவார்கள்?" என்று நேற்று உன்னிடம் கத்தினேன். உன் அண்ணி ஆறு வருடம் அந்த மொழியில்தான் வேலை பார்த்தாள். மெக்சிகோ நோயாளிகளுக்கு டாக்டர் சொல்வதைப் போனில் மொழிபெயர்த்தாள். எனக்குத் தெரியாதா? அவள் போன பிறகு அந்தச் சத்தம் வீட்டில் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

ரசம் அடுப்பில் இருக்கிறது. இனிக்கும். உப்பென்று சர்க்கரையைப் போட்டுவிட்டேன். டப்பாக்களில் அவள் ஸ்பானிஷில் எழுதி ஒட்டிய சீட்டுகளைக் காரியம் முடிந்த அன்று நான்தான் கிழித்தேன்.

பூட்டிவிட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுக் காந்தா ஆன்ட்டியிடம் கொடு.

அண்ணன்

அலமாரியில் அவள் புத்தகங்கள் இருக்கின்றன, எடுத்துக்கொள். டப்பாக்களுக்குப் புதுச் சீட்டு எழுதி ஒட்டு. ஸ்பானிஷிலேயே எழுது.