ஆற்றுச்சாலையின் ஆரஞ்சுக் கோடு

மார்ச் 1, ஞாயிறு

அக்கா பேசினாள். விண்வெளி நிலையத்துக்குப் போனதிலிருந்து ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறாள். நேற்று இருட்டிய பிறகு நம் ஊருக்கு மேலே போனாளாம்.

"ஊர் முழுக்க வெள்ளை விளக்கு. நடுவுல நம்ம ஆத்துச்சாலை மட்டும் ஆரஞ்சுக் கோடு. கேமராவுல பெரிசு பண்ணினா, நம்ம வீடு எங்கேன்னு விரல் வெச்சுடலாம்."

அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் நகராட்சியில் தெருவிளக்குப் பார்ப்பவர். ஆற்றுச்சாலைக்கும் வெள்ளை விளக்கு போடச் சொல்லி எப்போதோ உத்தரவு வந்துவிட்டது. "ஸ்டாக் வரலை சார்" என்றே காலத்தை ஓட்டுகிறார். மகளுக்கு அடையாளம் வேண்டுமே.

"மேகத்துக்குள்ள மின்னல் அடிச்சா, போர்வைக்குள்ள யாரோ டார்ச் அடிக்கிற மாதிரி இருக்கு. சத்தமே கிடையாது. உன்னை மாதிரி" என்றாள் என்னிடம். நான் "ம்" என்றேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வராது எனக்கு. அதனால்தான் ஒன்பதாவதோடு நின்றேன். அம்மா என்னை ஊமைக்கோட்டான் என்பாள். கோபமாகச் சொல்வதில்லை.

இனி நாலைந்து வாரம் அவள் நம் ஊரைப் பகலில்தான் கடப்பாளாம். விளக்கு தெரியாது.

மார்ச் 6, வெள்ளி

அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். வலது பக்கம் அசையவில்லை. பேச்சு வரவில்லை. கண் மட்டும் என் பின்னாலேயே வருகிறது.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா கூப்பிடுவதற்கு முன்பே அம்மா சொல்லிவிட்டாள். "அவகிட்ட மூச்சு விடக் கூடாது. நினைச்சா இறங்கி வர முடியுமா? பஸ்ஸா அது? அங்க அழுதா கண்ணீர்கூடக் கீழ விழாதாம், கண்ணுலயே ஒட்டிக்கிட்டு நிக்குமாம். அவதான் சொன்னா."

போன் வந்ததும் அம்மாவின் குரல் மாறிவிட்டது. "அப்பாவா? டியூட்டிக்குப் போயிட்டார்டி. உன் ஆரஞ்சு விளக்கைத்தான் பார்த்துக்கிட்டிருக்கார்."

அம்மாவுக்கு இவ்வளவு சரளமாகப் பொய் வருமா? எனக்கு உண்மையே வராது.

ஆனால் விண்வெளிக்குக் கிளம்பும் முன் அக்கா என்னிடம் தனியாகச் சொன்னது: "எது நடந்தாலும் என்கிட்ட சொல்லணும். அம்மா மறைப்பாங்க. நீதான் சொல்லணும்." அதற்கும் "ம்" என்றுதான் சொன்னேன். அந்த "ம்" சும்மா இருக்க விடுகிறதா?

மார்ச் 15, ஞாயிறு

அதே பொய். "ஞாயித்துக்கிழமைகூடவா டியூட்டி?" என்றாள் அக்கா. அம்மா போனை என்னிடம் நீட்டினாள். நான் "ம்" என்றேன்.

மார்ச் 19, வியாழன்

சலவைக்கடையில் துணிக்கு எண் சீட்டு குத்திக்கொண்டிருந்தேன். முதலாளியம்மா, "உங்கக்கா மேல துணி காயப்போட்டா ஒரே நாள்ல பதினாறு தடவை வெயில் வருமாமே. நமக்கு அந்த மாதிரி ஒரு மாடி கிடைச்சா போதும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு துணிக்கட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மார்ச் 25, புதன்

வேலை முடிந்து வரும்போது ஆற்றுச்சாலையில் ஏணி வண்டி நின்றது. அப்பாவுடன் வேலை பார்க்கும் ஏணி மாமா மேலே இருந்தார். பாலம் வரைக்கும் வெள்ளை விளக்காக மாற்றியாகிவிட்டது. சாலை ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி வெளுத்துக் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. "மறுபடியும் உத்தரவு வந்துடுச்சு பாப்பா. உங்கப்பாவா இருந்தா ஸ்டாக் இல்லேன்னு சொல்லியிருப்பார். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லே. அம்மா சொன்னா வேணா, உங்க வீட்டுப் பக்கம் மிச்சம் இருக்கிறதை ஒரு மாசம் தள்ளிப் போடுறேன்."

அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வேண்டாம் மாமா, மாத்திடுங்க" என்றேன்.

எத்தனையோ தடவை பயந்து வாயை மூடியிருக்கிறேன். இன்று வீட்டில் வாயை மூடிக்கொண்டது பயத்தினால் இல்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அம்மா வெளியே வந்து, "வேற டாக்டரைப் பார்க்கணும்" என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அம்மா வழக்கம்போல "டியூட்டியில..." என்று ஆரம்பித்தாள். அக்கா பேசவிடவில்லை.

"அம்மா, நேத்து ராத்திரி பார்த்தேன். கோடு வெள்ளையாயிடுச்சு. அப்பா டியூட்டியில இருந்தா மாத்த விடமாட்டார். போனை அவகிட்ட குடுங்க."

அம்மா வாயில் விரலை வைத்துக் காட்டினாள். கண்ணில் தண்ணீர். அந்த விரலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். விழுந்தது, பேச்சு போனது, சளி, டாக்டர் – எல்லாம். குரல் வந்துவிட்டது. எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"போனை அப்பா காதுல வை. இப்பவே. ஆஸ்பத்திரிக்குப் போ" என்றாள் அக்கா.

போனேன். அக்கா என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அது அப்பாவுக்கு. அவர் இடது கையைத் தூக்கி, பல்பைத் திருகி மாட்டுவதுபோல மெல்லத் திருப்பினார்.

"என்ன பண்றார்?" என்றாள் அக்கா. சொன்னேன். அழுதாளா சிரித்தாளா, தெரியவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

அம்மா என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 11, சனி

விடியும்போது அப்பா போய்விட்டார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

"நல்ல வேளை, அவர் காதுல அவ குரல் விழுந்துது" என்றாள் அம்மா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள். போதும்.

மே 31, ஞாயிறு

இருட்டியதும் போன் அடித்தது. அம்மா எடுக்கவில்லை. என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"இப்ப நம்ம ஊருக்கு மேல வந்துக்கிட்டிருக்கேன்" என்றாள் அக்கா.

"வீடு தெரியுதா?"

"இல்லடி. எல்லாம் ஒரே வெள்ளை. ஆறு தெரியுது, கறுப்பா. அதுக்கு மேல பிடிபடலை. நீ ஏதாவது பேசு. ஊரைத் தாண்டுற வரைக்கும் பேசிக்கிட்டே இரு."

பேசினேன். யாரோ சட்டைப் பையில் மறந்துவிட்ட சாவிக்கொத்தைப் பற்றி. முதலாளியம்மாவின் மாடி பற்றி. அம்மா இரண்டு வேளையும் சாப்பிடுகிறாள் என்று. பாலத்தில் மூன்றாவது விளக்கு எரியவில்லை என்று.

"அப்பாகிட்ட சொல்லி..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"நான் ஏணி மாமாகிட்ட சொல்லிட்டேன்" என்றேன். "நானேதான் போய்ச் சொன்னேன்."

"கடல் வந்துடுச்சு" என்றாள். "இங்கே விளக்கே இல்லை." கொஞ்ச நேரம் கழித்து, "நிறுத்தாதே" என்றாள்.