தம்பி சாப்பிட வேண்டியவை

அக்கா,

இன்று காலை புது ஃப்ரிட்ஜ் வந்தது. பழையதை எடுத்துப் போக வந்த இரண்டு பேரில் ஒருவர் அதன் கதவில் இருந்த தாளை உருவி, "அண்ணே, இதை வீசிடலாமா?" என்று மலாயில் கேட்டார். நான் போட்ட கத்தலில் மனிதர் ஓர் அடி பின்வாங்கிவிட்டார். பிறகு எனக்கே வெட்கமாகப் போய், இருவருக்கும் தேநீர் கலக்கிக் கொடுத்து அனுப்பினேன். "ஒரு பேப்பருக்குப் போயி..." என்று ஆரம்பித்த என் மனைவி தேவி, அது எந்தப் பேப்பர் என்று பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அந்தப் பேப்பர்தான். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டியல். தவிர்க்க வேண்டிய உணவுகள் என்று மேலே மலாயில் அச்சடித்திருக்கிறது. அதை நீ ஒரே கோட்டில் அடித்துவிட்டு, நீலப் பேனாவால் தமிழில் எழுதினாய்: "தம்பி சாப்பிட வேண்டியவை". தாள் முழுக்க ரசக் கறை. உன் கையெழுத்து மட்டும் கலையவில்லை.

உன் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்தியபோது கொடுப்பதற்கு ஆள் யார் என்று பார்த்தோம். உன் வீட்டுக்காரர், மாமாவுக்கு, இனிப்புநீர் வியாதி, அவரால் முடியாது. உனக்குப் பிள்ளைகள் இல்லை. மிச்சம் நான் ஒருவன். ரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாம் பொருந்தியது, என் உடம்புதான் பொருந்தவில்லை. தொண்ணூற்றெட்டு கிலோ. இடப்பக்கச் சிறுநீரகத்தைத்தான் எடுப்போம், ஆனால் இந்த எடைக்கு மயக்க மருந்து கொடுக்கவே பயமாக இருக்கிறது, எண்பத்து நாலுக்கு வாருங்கள் என்றார் டாக்டர். நான் செனாயில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பதினான்கு கிலோ என்பது எனக்கு ஒரு சின்னப் பெட்டி. பெரிய வீரனைப் போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

காரில் ஏறியதுமே நீ ஆரம்பித்துவிட்டாய்.

"உன் கிட்னி எனக்கு வேணாம்டா. ரெண்டு பிள்ளைங்கள வச்சிருக்க."

"நீ வேணாம்னா நான் விட்டுருவனா?"

"அப்பா போனப்ப அவருக்கு என்னா வயசு தெரியுமா? உன் வயசு. உன் தொப்பை."

நம் குளுவாங் வீட்டில் அப்பா நாற்காலியில் சாய்ந்தபடியே நெஞ்சடைத்துப் போனதை நாம் இருவரும்தான் பார்த்தோம். தெப்ராவில் உன் வீடு வரும்வரை நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய். இறங்கும்போது, "சரி, மொதல்ல எடைய குறை. அப்புறம் பேசலாம்" என்றாய். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எடை குறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி புரட்டாசி மாதச் சாப்பாடு. அதிலும் ஒரு கோளாறு. புரட்டாசியில் விரதமிருந்து எடை கூடுகிற ஆள் நான். சைவ ஆடு, சைவ மீன், சைவ இறால் என்று மாவையும் சோயாவையும் பொரித்துப் பிரட்டி, நெய்ச்சோற்றோடு இறக்கி, மேலே பாயசமும் குடித்தால் பெருமாள்தான் என்ன செய்வார்? "அது சைவம் இல்லடா, எண்ணெய்ச் சட்டியில குளியல்" என்று நீ சிரித்தாய்.

அப்போதுதான் உன் சமையலறை மேசையில் இந்தப் பட்டியல் கிடந்தது. கீரை, தக்காளி, வாழைப்பழம், சர்க்கரைவள்ளி, பருப்பு, பயறு, கடலை, சோயாவைப் புளிக்க வைத்துச் செய்யும் தெம்பே. உனக்கு உயிரான அத்தனையும் அதில் இருந்தது. உனக்கு அனுமதித்தது முட்டையின் வெள்ளை, கொஞ்சம் மீன், கொஞ்சம் கோழி. நீயோ அவற்றை மருந்து விழுங்குவதைப் போல விழுங்குவாய். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு பேனாவை எடுத்தாய்.

"எனக்கு ஆகாததெல்லாம் இனிமே உனக்கு. என் தட்டுல இருக்கிற கோழி, மீன், முட்டை உனக்கு இல்ல."

"ஒரு துண்டு கோழிகூடவா கூடாது?"

"உனக்கு ஒரு துண்டுன்னா என்னான்னு தெரியாது. ஒரு துண்டுல ஆரம்பிச்சு ஒரு கோழில முடிப்ப. கறி இருந்தா சோறு இறங்கும், மூணு தட்டு. மொத்தமா விட்டுடு."

நான் பட்டியலைக் கடைசிவரை படித்து, டுரியானும் தேங்காய்ப்பாலும் இருப்பதைக் கண்டுபிடித்தேன். "அக்கா, டுரியான் போட்டிருக்கே! சாப்பிட வேண்டியதுதானே?" என்றேன். "அட எமகாதகா!" என்று அந்த இரண்டையும் அடித்தாய். பாலையும் அடித்தாய். பால் மட்டும் இரண்டு பேருக்கும் கிடையாது என்றாய்.

ஆஸ்பத்திரியில் எனக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொன்ன மலாய் அம்மாவிடம் தாளைக் காட்டினேன். கறி, மீன், முட்டை, பால் ஒன்றும் இல்லையென்றால் இதற்கு வீகன் என்று பெயர் என்றார். அந்தச் சொல்லையே அன்றுதான் கேட்டேன். நமக்குச் சைவம் என்றால் தயிரும் நெய்யும் சேர்ந்ததுதானே. தாராளமாகச் செய்யலாம், ஆனால் ஒவ்வொரு வேளையும் பருப்போ தெம்பேயோ தாஹு என்கிற சோயாக் கட்டியோ தட்டில் இருக்க வேண்டும், பி12 சத்து இந்தச் சாப்பாட்டில் கிடைக்காது, அதற்கு மாத்திரை போட வேண்டும் என்றார். நீ அதையும் பட்டியலின் அடியில் எழுதி வைத்தாய்: "பி12. மறக்காதே, மறப்பாய்."

இரண்டரை மாதம் ஆகியும் எடை அசையவில்லை. ஒரு கிலோ கூடியது என்பதுதான் உண்மை. நீ தலையைப் பிய்த்துக்கொண்டாய். மதியம் கீரை, இரவு பருப்பு, எல்லாம் சரி. காலையில் என்ன சாப்பிடுகிறேன் என்று நீ கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. ஒரு சனிக்கிழமை உன்னை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகும் வழியில் மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தி, வழக்கம்போல ரொட்டி கோசோங் மூன்று கேட்டேன். மூன்றும் மேசைக்கு வந்ததும் நீ என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாய்.

"தினமும் இதானா?"

"கோசோங் தானேக்கா. உள்ள ஒண்ணுமே இல்ல."

கோசோங் என்றால் மலாயில் வெறுமை. வெறும் ரொட்டி என்றால் எடை எப்படி ஏறும்? சத்தியமாக நான் அப்படித்தான் நம்பியிருந்தேன். நீ என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் ரொட்டிக்காரர் முன்னால் நிறுத்தினாய். அவர் மாவு உருண்டைகளை மார்ஜரினில் ஊற வைத்திருந்ததையும், கல்லில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றியதையும் பார்த்தேன். மாவில் என்ன கலக்கிறீர்கள் என்று நீ கேட்டதற்கு, கெட்டிப்பால் என்று பெருமையாகச் சொன்னார்.

"முட்டை இல்லேன்னுதான்டா கோசோங். உன் மண்டதான் உண்மையான கோசோங்!"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் இறங்க ஆரம்பித்தது. டயட்டும் பட்டியலும் காரணம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். உண்மையான காரணம் நீ கேட்ட கேள்விகள். ஊசி குத்தி மெஷினோடு இணைத்த பிறகு நாலு மணி நேரம் நீ அசைய முடியாது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் நான்.

"இன்னிக்கு என்னா சாப்ட்ட?"

"கீரை."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சுன்னு எழுதி வாங்கிட்டுப் போக நானென்ன ஆபீசரா? பூண்டைத் தட்டிப் போட்டியா, நறுக்கிப் போட்டியா? தண்டு வெந்துச்சா? சொல்லுடா."

எனக்கு எங்கே தெரியும்? நாற்பது வருடமாக நான் சாப்பிட்டதை ருசித்ததே இல்லை, உள்ளே தள்ளியிருக்கிறேன். உனக்குச் சொல்ல வேண்டுமே என்று மெதுவாக மெல்ல ஆரம்பித்தேன். தண்டு தனி, இலை தனி, பூண்டு தனி. அப்படி மென்றால் பாதித் தட்டிலேயே வயிறு போதும் என்கிறது. அந்த வயிற்றின் குரலையே அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஒருநாள் வாழைப்பழத்தைப் பற்றிச் சொன்னேன். பிசாங் மாஸ், விரல் நீளம், தோலில் கறுப்புப் புள்ளி விழுந்தது. நுனியில் லேசாகப் புளிக்கும், நடுவில் தேன், அடியில் கொஞ்சம் துவர்ப்பு. நீ கண்ணை மூடிக்கொண்டாய். "போதும்டா. மிச்சத்த செவ்வாக்கிழமை சொல்லு" என்றாய். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். மூக்கு ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டாய், சளி என்றேன்.

தொண்ணூற்றைந்து, தொண்ணூறு, எண்பத்தெட்டு. கால்சட்டையெல்லாம் தைத்துச் சுருக்கினாள் தேவி. கல்யாண வீட்டில் ஒருவர் என் தோளைத் தொட்டு, "தம்பி, என்னா வியாதி, மறைக்காம சொல்லுலா" என்றார். நீ அதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து இருமினாய்.

அந்த இருமல்தான் காய்ச்சலாயிற்று. ரத்தத்தில் கிருமி என்றார்கள். இரண்டாம் நாள் வார்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"எவ்ளோ இருக்க?"

"எண்பத்தாறு. இன்னும் ரெண்டுதான்கா. ஒரு மாசம் குடு."

"நல்லா இருக்கடா. மறுபடி ஏத்திக்காத."

அந்த இரண்டு கிலோவைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் மதியம் போய்விட்டாய்.

நான் கணக்குப் போட்டேன். ரொட்டி கோசோங் தின்ற இரண்டரை மாதத்தைக் கழித்தால் எப்போதோ எண்பத்து நாலு. அதைச் சொல்லிச் சொல்லித் தேவியைப் பாடாய்ப் படுத்தினேன்.

பதினாறாம் நாள் படையலுக்கு நான்தான் சமைத்தேன். கீரை, பருப்பு, தக்காளி ரசம், சர்க்கரைவள்ளி வறுவல், பிசாங் மாஸ் ஒரு சீப்பு. நீ அடித்துவிட்ட டுரியானும் இரண்டு சுளை. மாமா இலையில் இருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாம் அவளுக்கு ஆகாததாச்சே, தம்பி."

"இனிமே ஆகும், மாமா."

கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "நீ ரெண்டு கிலோ ரெண்டு கிலோன்னு புலம்பாத. அவ வாங்கியிருக்க மாட்டா. என்கிட்ட அப்பவே சொல்லிட்டா. 'கிட்னிக்காகன்னாதான் அவன் வாயக் கட்டுவான், எடை குறையட்டும், அப்பா மாதிரி போயிடக்கூடாது'ன்னு."

எனக்கு வந்ததே கோபம்! ஏமாத்துக்காரி. "அப்புறம் பேசலாம்" என்றாயே, பேசினாயா? அன்று முழுக்க வாசலில் நின்று வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் அந்த மலாய் அம்மாவிடம் எனக்கு ஏற்கெனவே தேதி கொடுத்திருந்தார்கள். அதை ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை. போனேன். எடை மெஷினில் ஏறினேன். எண்பத்து மூன்று புள்ளி ஒன்பது. அவர் எழுந்து நின்று கை தட்டினார். "தஹ்னியா, வாழ்த்துகள் ஐயா! இனி நீங்கள் கொடுக்கலாம்" என்றார். நான் அந்த மெஷினை விட்டு இறங்காமல் நின்றேன். நீ போன விஷயத்தைச் சொன்னதும் அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு, இனி வருவீர்களா என்று கேட்டார். தேதி போடுங்கள் என்றேன்.

இரண்டு வருடம் ஆகிறது. அப்பாவின் வயதைத் தாண்டிவிட்டேன். பி12 மாத்திரையை இரண்டு தடவைதான் மறந்தேன். அவ்வப்போது மாமாக் கடை வாசனை இழுக்கும், பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் ஒன்றைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். புது ஃப்ரிட்ஜின் கதவில் காந்தம் ஒட்டவில்லை, என்ன இழவு டிசைனோ. தாளை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

போன வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, எடை எண்பத்திரண்டு, ரத்த அழுத்தம் சரி, சிறுநீரகம் இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன என்றார். இரண்டும் என்று அவர் சொன்னபோது என் கை தானாக இடுப்பின் இடப்பக்கம் போனது. உன்னுடையது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அக்கா. நீ வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றாலும் அது உன்னுடையதுதான். பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன். உப்பைக் குறைத்துவிட்டேன், தண்ணீர் நிறையக் குடிக்கிறேன்.

இன்று மதியம் கீரை. தண்டு நன்றாக வெந்தது. பூண்டைத் தட்டித்தான் போட்டேன்.