கல்லில் ஒரு வரிக்குத்தான் இடம்

கிள்ளான்

அன்புள்ள ஷார்மைன் அக்காவுக்கு,

தங்கை உர்சுலா எழுதுவது. மாதா புண்ணியத்தில் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், எடையும் ஏறிவிட்டது. மெல்பர்னில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருங்கள்.

மம்மியை அடக்கம் செய்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. வந்தது சிரிப்புதான். கட்சி அனுப்பிய மலர்வளையத்தில், "மறைந்த ஒய்.பி. கொர்னேலியஸ் அவர்களின் துணைவியாருக்கு அஞ்சலி" என்று போட்டிருந்தார்கள். தேர்தலில் ஜெயித்தவருக்குத்தானே ஒய்.பி. பட்டம்? அப்பா எந்தத் தேர்தலில் நின்றார்? ஸ்டேஷனில் டிக்கெட் கிழித்த மனிதர்! கோயிலிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். அழுகிறேன் என்று நினைத்து மாதவி ஆன்டி முதுகைத் தடவினார். சுகமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

அவர்களைச் சொல்லி என்ன? மம்மி சட்டமன்றத்துக்கு ஜெயித்த காலத்தில் அந்த அவையில் சேலையைத் தேடித்தான் பார்க்கவேண்டும். விழாவுக்குப் போனால் அப்பா கழுத்தில் மாலையைப் போட்டு முன்நாற்காலியில் உட்காரவைப்பார்கள். அவரும் பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்துவிடுவார். மம்மி எழுந்து மைக்கைப் பிடித்த பிறகுதான் கூட்டத்துக்கே விஷயம் புரியும்.

இப்போது கல்லறைக் கல் விஷயம். பெயருக்குக் கீழே ஒரு வரிக்குத்தான் இடமாம். "அன்பு மனைவி, பாசமிகு தாய்னு போட்டுடுறேன்லா, எல்லாப் பொம்பளைக்கும் அதான்" என்றார் கல்வெட்டுகிற பக்கிரிசாமி அண்ணே. சட்டமன்ற உறுப்பினர் என்று போடச் சொல்லலாமா என்று நான் உன்னைக் கேட்டேன். நீ போனில், "செத்தும் அந்தத் தொகுதியைக் கட்டிக்கிட்டுத்தான் படுக்கணுமா?" என்று வைத்துவிட்டாய்.

நீ முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று மம்மி தொகுதி மக்களோடு காப்பாரில் வெள்ளத்தில் நின்றார். வெள்ளைக் கவுனோடு நீ கோயில் வாசலில் அவருக்காகக் காத்து நின்றதை நானும் பார்த்தேன். உன் கோபத்தில் தப்பில்லை. ஆனால் பாசமிகு தாய் என்று வெட்டினால் உனக்குப் பொய். மனைவி என்று மட்டும் வெட்டினால் அந்த மலர்வளையமே கல்லாகிவிடும்.

அதனால் எதையும் வெட்டச் சொல்லவில்லை. இப்போதைக்கு மரச்சிலுவைதான். மழைக்குச் சாய்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் போய் நிமிர்த்துகிறேன். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், வாங்கிப்போன வடையைத் தின்றுவிட்டு வருகிறேன்.

நீ வா, அக்கா. வந்து எந்த வரி என்று சொல், அதையே வெட்டட்டும். மம்மியைத் திட்டவேண்டுமென்றால் அங்கேயே நின்று திட்டு. நம்மில் யாராவது ஒருத்தர் அங்கே அழவேண்டும். என்னால் முடியவில்லை.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் தங்கை,
உர்சுலா