குசினிச் சுவரை இடித்துவிட்டோம், ஐயா

என் செல்ல ஐயாவுக்கு,

முதலில் இருங்கள். சேதியைக் கேட்டதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பக் கூடாது. குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் நீங்கள் பக்கத்தில் நின்று கட்டுவித்த சுவர் இப்போது இல்லை. வீடு விழவில்லை. எல்லோரும் சுகம்.

ஏன் இடித்தோம் என்றுதானே கேட்பீர்கள்? அம்மாவுக்காக. நீங்கள் கண்ணை மூடிய அடுத்த வருடம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். நம் குசினி வாசலுக்குள் அது நுழையாது. நான் சமைத்து அறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். மேசைக்கு வாங்கோ என்றால், "நீங்கள் சாப்பிடுங்கோ, எனக்குப் பிறகு" என்பார்.

அந்தப் பிறகு வருவதேயில்லை, ஐயா. இரண்டு வாய், அதோடு "காணும்". டொக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை என்றார். ஆனால் காப்பு முழங்கை வரைக்கும் ஓடும் அளவுக்கு மெலிந்துவிட்டார். உங்களுக்குப் பிறகு அவரையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டேன்.

"என்னம்மா, என்ரை சமையல் அவ்வளவு மோசமோ?"

"உப்புப் புளி எல்லாம் சரிதான் பிள்ளை. சமைக்காத ஆளுக்கு என்னெண்டு பசிக்கும்?"

வாசலை அகலமாக்குவோம் என்றேன். அதற்கு அவர் சொன்னதைக் கேளுங்கள். "வாசலைப் பெருப்பிச்சா உள்ளுக்குப் போவன். பிறகும் சுவரைப் பார்த்துக்கொண்டுதானே சமைக்கோணும்? ஆர் வருகினம், ஆர் போகினம், என்ன கதைக்கினம், ஒண்டும் தெரியாது. இடிக்கிறதெண்டா முழுசா இடியுங்கோ."

இத்தனை காலமும் இதை உங்களிடம் ஒருதரமாவது சொன்னாரா? என் காதில் விழுந்ததில்லை.

என் சிநேகிதியின் மகள் அபிராமி இப்போது எஞ்சினியர். நல்லூரிலிருந்து ஸ்கூட்டியில் கொழும்புத்துறைக்கு, நம் வீட்டுக்கு வந்து, மேலறைக்கு ஏறி, இறங்கி, சுவரை முழம் முழமாகப் பார்த்தாள். "அன்ரி, இது சும்மா மறைப்புச் சுவர் இல்லை. மேலறையின்ரை பாரம் முழுக்க இதிலைதான் நிக்குது. ரெண்டு பக்கமும் தூண் எழுப்பி, மேலை இரும்பு பீம் வைச்ச பிறகுதான் இடிக்கலாம். அதுவரைக்கும் தளத்துக்கு முட்டுக் குடுக்கோணும். முட்டு வைக்க முதல் ஒரு கல்லையும் தொடாதேங்கோ." நாங்களும் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினோம்.

பிறகு நாள் பார்த்தோம். அங்கேதான் வந்தது வினை. நம் வீட்டில் வாக்கிய பஞ்சாங்கம். உங்கள் மருமகன் வீட்டில் திருக்கணிதம். நாள் ஒன்றாக வந்தது, நேரம் ஒத்துவரவில்லை. அம்மா சொன்ன நேரத்துக்கு முட்டுகளோடு வருவதாக மேசன் மணியண்ணை சொல்லியிருந்தார். காலையில் நெல்லியடியிலிருந்து உங்கள் மருமகனின் தாய் ஃபோனில் வந்தார், திருக்கணிதப்படி நல்ல நேரம் முடியப்போகிறதாம். உங்கள் மருமகன் பின்வளவுக்குப் போய் இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இஞ்சருங்கோ, முட்டு இன்னும் வரேல்லை!"

"சும்மா சாட்டுக்கு ஒரு குத்து, அவ்வளவுதான். என்ரை அம்மாவின்ரை மனம் நோகக் கூடாது."

நீங்கள் கட்டுவித்த சுவர் அல்லவா? முதல் குத்துக்குப் பூச்சு மட்டும் உதிர்ந்தது. மனுசனுக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்தடுத்து ஓங்கிக் குத்தினார். வாசலுக்கு மேலிருந்த கற்கள் பொலபொலவென்று கொட்டின. மேல்தளத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு வெடிப்பு ஓடியது. அதற்கு நேர் கீழே அம்மா, நாற்காலியில். ஐயோ முருகா! எப்படி இழுத்தேன், எப்படி முற்றத்துக்குக் கொண்டுவந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. பிறகு உங்கள் மருமகனை நான் ஏசிய ஏச்சை இங்கே எழுதமுடியாது. அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவோ தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு கேட்கிறார்: "சுவர் முழுக்க விழுந்திட்டுதோ?"

"இல்லையம்மா, கொஞ்சக் கல்லுத்தான்."

"அட, அவ்வளவுதானோ!"

மணியண்ணை வந்து தலையில் அடித்துக்கொண்டே முட்டுகளை நிறுத்தினார். அபிராமி வெடிப்பைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, பூச்சு மட்டும்தான் வெடித்திருக்கிறது என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. போகும்போது உங்கள் மருமகனிடம், "அங்கிள், உங்கடை பஞ்சாங்கத்திலை என்ரை ஃபோன் நம்பரையும் எழுதி வையுங்கோ" என்றாள். மனுசன் அலவாங்கைத் திரும்பப் பின்வளவுக்குக் கொண்டுபோய் வைத்தார்.

தூண் எழும்பியது, அது இறுகும்வரை காத்திருந்தோம், பீம் ஏறியது. அதற்குப் பிறகுதான் சுவர் இறங்கியது. அதுவரைக்கும் பின்வளவில் கல் வைத்துச் சமைத்தேன். வாயில் வைத்ததெல்லாம் சீமெந்து மணந்தது. அடுப்பு மேடையை அம்மாவின் நாற்காலி உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டினோம். இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துக்கொண்ட நேரமொன்றைத் தேடிப் பிடித்துப் பால் காய்ச்சினோம். காய்ச்சியது அம்மா. பால் பொங்கியதும் என்னைத் துரத்திவிட்டார். "நீ போய் அங்காலை இரு. எனக்குக் குறுக்கை நிக்காதை."

புட்டு அவித்தார், கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைத்தார், சம்பல் இடிக்கச் சொல்லி அங்கிருந்தே அதட்டினார். எங்களுக்குப் பரிமாறினார். நாங்கள் சாப்பிடத் தொடங்கியதும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ஒட்டியிருந்த குழம்பை வழித்து, உதிர்ந்த புட்டைச் சட்டிக்குள்ளேயே போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிசைந்தார்.

என் வாயில் புட்டு அப்படியே நின்றது. இவர் வாழ்நாள் முழுக்க இப்படித்தான் சாப்பிட்டிருக்கிறார். எல்லோருக்கும் பிறகு, சட்டியில், அந்தச் சுவருக்குப் பின்னால். நான் பிறந்து வளர்ந்த வீடு, நான் பார்க்கவில்லை. ஐயா, அம்மா சாப்பிடுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

உங்கள் மருமகன்தான் எழும்பினார். மேசையடியில் இருந்த ஒரு கதிரையை அப்பால் இழுத்துவிட்டு அம்மாவின் நாற்காலிக்கு இடம் பண்ணினார். "மாமி, இஞ்சாலை வாங்கோ."

"எனக்கு இது காணும் தம்பி. நீங்கள் சாப்பிடுங்கோ."

"நீங்கள் வராமல் நான் கை வைக்கமாட்டன்."

வந்தார், ஐயா. வேறு வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர் மாதிரிக் கூச்சத்தோடு வந்தார். நான் ஒரு சாப்பாட்டுக் கோப்பையை வைத்துப் புட்டுப் போட்டேன். முழுவதும் சாப்பிட்டார். பிறகு கோப்பையை என் பக்கம் தள்ளி, "இன்னும் கொஞ்சம் போடு பிள்ளை" என்றார். நான் அழுதுவிட்டேன். சந்தோசத்தில்தான், பயப்படாதீர்கள்.

இப்போது படலை திறக்கும் சத்தம் கேட்டாலே அடுப்படியிலிருந்து, "ஆரது, உள்ளை வாங்கோ" என்று குரல் போகிறது. வருகிறவர்களை விசாரித்தபடியே சமைக்கிறார். கதை கூடினால் கறி அடிப்பிடிக்கும், அதற்கும் ஏச்சு எனக்குத்தான். வாங்கிக்கொள்கிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் இருக்கும்வரைக்கும் இந்த வீட்டில் அம்மா கடைசியாகச் சாப்பிடமாட்டார். அவர் கோப்பையில் போட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு.

உங்கள் சுவரை இடித்த,
உங்கள் மூத்த மகள்