கழித்துப்போட்ட டேப்பில் அளந்த இடுப்பு

என் அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், அங்கே நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதித்தான் வழக்கமாகத் தொடங்குவேன், இந்த முறை அந்த இரண்டாவது பாதியை எழுதக் கை வரவில்லை, அதை நீதான் எழுதி அனுப்ப வேண்டும், உள்ளதை உள்ளபடி.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, முகம்கூடக் கழுவாமல், தையல் மெஷின் டிராயரில் கிடக்கிற டேப்பை எடுத்துவந்து அப்பாவின் இரும்பு அடிக்கோல் மேல் நீட்டி வைத்துப் பார்த்தது. சமையல் மேடையில் வைத்து, ஒரு முனையை உப்பு ஜாடியால் அழுத்திக்கொண்டேன். அடிக்கோலில் பன்னிரண்டு அங்குலம் முடிகிற இடத்தில் டேப் பதினொன்றரையைத்தான் காட்டியது. கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தேன், அப்போதும் பதினொன்றரைதான். டேப்பைப் புரட்டினால் கடைசி முனையில் நீல மையில் ஒரு பெருக்கல் குறி. அது யார் போட்ட குறி என்று எனக்குத் தெரியாதா. எங்கள் கடையில் கட்டர் அக்கா வருஷத்துக்கு ஒருமுறை எல்லா டேப்பையும் அடிக்கோலில் வைத்துச் சரிபார்த்து, இழுத்து இழுத்து நீண்டுபோனதையெல்லாம் குறி போட்டுக் கழித்துவிடுவார், ஏனென்றால் நீண்டுபோன டேப் உள்ளதைக் குறைத்துத்தான் காட்டும். பழைய துணி மூட்டை கட்ட ஆகுமே என்று அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான்தான். பதினெட்டு வருஷமாக ஆல்ட்டரேஷன் கவுன்ட்டரில் நின்று ஊரார் இடுப்பையெல்லாம் அளக்கிறவள், புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு டேப் நீளும், ஜாக்கிரதை என்று பாடம் எடுக்கிறவள், நான்கு மாதமாக என் இடுப்பைக் கழித்துப்போட்ட டேப்பில் அளந்து அந்த எண்ணை உனக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இது எப்படித் தொடங்கியது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்கு மனசு நிற்கும் போலிருக்கிறது. பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண் எழுந்து இடம் கொடுத்து, "உட்காருங்க ஆன்ட்டி, இது எத்தனாவது மாசம்?" என்று கேட்டதை உனக்குப் போனில் சொன்னேன். நாற்பத்தாறு வயதில் எனக்கு எத்தனாவது மாசம்! நீ சிரித்துப் புரையேறி, "எனக்குத் தம்பியா தங்கச்சியாம்மா?" என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்தபிறகு பீரோ கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று, தொப்புளுக்குக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிற அந்த ஒரு பிடியை உள்ளே இழுத்துப் பார்த்தேன், மூச்சு விட்டதும் அது தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. மறுநாளே நீ கூப்பிட்டு, "வாம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து குறைப்போம், ஞாயித்துக்கிழமையானா இன்ச் அனுப்பிடணும், ஏமாத்துறவங்கதான் தொப்பை" என்றாய். எனக்கு அது எவ்வளவு பிடித்தது என்று உனக்குத் தெரியாது. நீ இங்கிருந்து கிளம்பிப் போனபிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

நான் ஏமாற்றவில்லை, வாலு. டீயில் சர்க்கரையை நிறுத்தினேன், இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக் கடைக்கு நடந்தேன், மதியச் சோற்றைப் பாதியாக்கிப் பருப்பும் காயும் கூட்டினேன், நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்து முழங்கையை ஊன்றிப் பலகை மாதிரி விறைத்துக் கிடந்தேன், முதல் நாள் எட்டு எண்ணுவதற்குள் நான் குப்புற விழுந்து கிடந்ததைப் பார்த்து அப்பா, "என்ன தேடுறே, கம்மலா?" என்று கேட்டார். முதல் அளவைக் கட்டர் அக்கா கடையில் புது டேப்பில் எடுத்தார், நாற்பது. அடுத்த ஞாயிறு கடை லீவு, டிராயரில் கிடந்ததை எடுத்து நானே அளந்தேன், முப்பத்தெட்டே கால். ஒரே வாரத்தில் ஒன்றே முக்கால் அங்குலம்! வேறு யாராவது வந்து இப்படிச் சொல்லியிருந்தால், நிமிர்ந்து நில்லுங்க, மறுபடி அளக்கிறேன் என்றிருப்பேன். என் வயிறு என்பதால் நம்பிவிட்டேன். மனசு கேட்கிற எண்ணை டேப் காட்டும்போது அடிக்கோலைத் தேடத் தோன்றுமா. உடனே உனக்கு அனுப்பினேன். நீ அந்த வாரம் கால் அங்குலம் குறைந்திருந்தாய். "உனக்கு ஒன்னே முக்கால், எனக்கு வெறும் காலா? இரு, விடமாட்டேன்" என்று நீ எழுதியதை அப்பாவிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். இன்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வாரம் நான் ஒரு நூல்கூடக் குறைந்திருக்கவில்லை. முன்னால் போனவள் நீ. பின்னால் நின்றுகொண்டு நான் உன்னைத் துரத்தியிருக்கிறேன். "உங்க ரெண்டு பேர் இடுப்புலயும் என்ன தேர்தலா நடக்குது, வாராவாரம் முடிவு சொல்றீங்க?" என்று அப்பா கேலி செய்வார், அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைத்தது நேற்றுதான். டேப்பில் முப்பத்தேழு வந்துவிட்டதே என்று என் கறுப்பு பேன்ட்டைக் கட்டர் அக்காவிடம் கொடுத்து இடுப்பைப் பிடித்துத் தரச் சொன்னேன். "நில்லு, ஒருவாட்டி அளந்துடறேன்" என்றார். "வாராவாரம் நானே அளக்கிறேன்கா, கண்ணை மூடிக்கிட்டுப் பிடிங்க" என்றேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் பட்டனுக்கும் காஜாவுக்கும் நடுவில் இரண்டு விரல் போகிறது. முதலில் அக்கா மேல்தான் கோபம் வந்தது. அவர் தப்பாக வெட்டி நான் பார்த்ததே இல்லை என்பது மெதுவாகத்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் காலையில் எழுந்ததும் அடிக்கோல். இடுப்பைச் சுற்றி ஒரு கயிற்றைக் கட்டி அந்தக் கயிற்றை அடிக்கோலில் வைத்து அளந்தேன், முப்பத்தெட்டரைக்கு ஒரு நூல் மேல். ஆக, நான்கு மாதத்தில் நான் உண்மையில் குறைந்தது ஒன்றே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம். நீ நம்பிக்கொண்டிருப்பது மூன்று.

வெறும் பேன்ட் என்றால் பிரித்து மறுபடி தைத்துக்கொண்டு சிரித்திருப்பேன். ஆனால் புதன்கிழமை உன் அறைத்தோழி எனக்குப் போன் செய்தாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க ஆன்ட்டி" என்று மூன்று தடவை கெஞ்சினாள், நான்தான் இப்போது காட்டிக்கொடுக்கிறேன். துணி கூடையோடு படியில் இறங்கும்போது நீ மயங்கி உட்கார்ந்துவிட்டாயாம். காலையில் வெறும் காப்பி, மதியம் வெள்ளரிக்காயும் ஒரு முட்டையும், ராத்திரி கேட்டால் ஆபீஸிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்கிறாயாம், விடிவதற்கு முன்னால் எழுந்து தரையில் படுத்து வயிறு குறையக் காலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறாயாம், "நூறு எண்ணுறா ஆன்ட்டி, கீழ் ஃப்ளோர்க்காரங்க வந்து கதவைத் தட்டிட்டாங்க" என்றாள். அன்று சாயங்காலம் நான் உன்னைக் கூப்பிட்டபோது நீ என்ன சொன்னாய்? "சாப்ட்டேன்மா, நல்லா இருக்கேன்மா, மீட்டிங்மா." நீ போன மாதம் அனுப்பிய போட்டோவைப் பார்த்து, முகம் எவ்வளவு வடிவா வந்துடுச்சு என்று எழுதியவள் நான். இன்று பெரிதாக்கிப் பார்த்தேன், கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. அது கண்ணில் படாமல் எதைப் பார்த்தேனோ.

அதனால்தான் அடிக்கோலை வைத்த கையோடு உன்னைக் கூப்பிட்டேன். அழுதுகொண்டே சொன்னேன், டேப் தப்பு, அம்மா அனுப்பிய எண் எல்லாம் தப்பு, நீ என்னை எட்டிப்பிடிக்க ஒன்றுமே இல்லை, நிறுத்திவிடு என்று. நீ சாரிம்மா என்பாய், அப்பாடா என்பாய் என்று நினைத்தேன். நீ சிரித்தாய். "அப்போ நாலு மாசமா நான்தான் ஜெயிச்சுட்டிருக்கேனா!" என்றாய். சாப்பிடுகிறாயா என்று கேட்டதற்கு, "இன்னும் ஒரே ஒரு இன்ச்மா, அடி வயிறு மட்டும்தான் பாக்கி, அப்புறம் நிறுத்திடறேன்" என்றாய். என் எண்ணைப் பிடிக்கத்தான் நீ ஓடுகிறாய் என்று நினைத்திருந்தேன், எண்ணே இல்லையென்று சொன்னபிறகும் நீ ஓடுகிறாய்.

எங்கிருந்து ஓடத் தொடங்கினாய் என்று இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். உனக்குப் பதினான்கு வயது, கடையில் ட்ரயல் ரூமில் உன்னை நிற்க வைத்துப் பாவாடைக்கு அளவெடுத்தேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். "அடி வயிறு எங்க வீட்டுச் சொத்துடி, உனக்கும் எழுதி வெச்சாச்சு" என்று சொல்லி அந்த இடத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். கவுன்ட்டரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீ கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வயிற்றை உள்ளே இழுத்தாய். அந்த மூச்சை நீ இன்னும் வெளியே விடவில்லையோ என்று இப்போது பயமாக இருக்கிறது. எனக்கு அது ஒரு நொடிப் பேச்சு. தெரியாமல் பேசிவிட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் நின்றவள்தானே நான்.

மூன்றாவது மாதம் நான் நம் தெருமுனை டாக்டரம்மாவிடம் போனபோது அவர் சொன்னதை உன்னிடம் சொல்லாமல் விட்டதும் ஒரு தப்பு. எவ்வளவு செய்தும் அடி வயிறு மட்டும் போகவில்லை என்றேன். "எங்கிருந்து எடுக்கணும்னு உடம்பு நம்மளைக் கேக்காதும்மா, முகம், கை எல்லாம் முதல்ல போகும், அடி வயிறு பலருக்குக் கடைசியாத்தான் போகும், சிலருக்குக் கொஞ்சம் இருந்துட்டுத்தான் போகட்டுமே" என்றார். வயிற்றுக்கு மட்டும் நூறு தடவை பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையாது, நடை வேண்டும், கை கால் பலம் பெறுகிற பயிற்சி வேண்டும், பருப்பு முட்டை மாதிரி வயிறு நிறைக்கிற சாப்பாடு வேண்டும், தூக்கம் வேண்டும், பட்டினி போட்டால் முதலில் கரைவது தசைதான் என்றார். எனக்கு அது ருசிக்கவில்லை, டேப் வேறு நல்ல சேதியாகச் சொல்லிக்கொண்டிருந்ததே, அதனால் வாயைத் திறக்கவில்லை. இப்போது கேட்கிறேன், மறைக்காமல் பதில் சொல், மாதாமாதம் உனக்குச் சரியாக வருகிறதா? முடி கொட்டுகிறதா? படி ஏறினால் கண் இருட்டுகிறதா? உன் இடுப்பு இப்போது இருபத்துநான்கு என்று எழுதியிருந்தாய். இருபத்துநான்கு அங்குலத்தில் குறைக்க என்ன இருக்கிறது, கண்ணு? கடையில் அந்த அளவில் வருகிற பேன்ட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

அப்பாவிடம் மயக்கத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை, சொன்னால் மூட்டுவலியோடு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருப்பார். நான் டேப்பை நான்காக வெட்டிக் குப்பையில் போட்டதைப் பார்த்து, "தேர்தல் ரத்தா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். நான் நடப்பதை விடப் போவதில்லை, சர்க்கரையும் வேண்டாம், நாலு மாதத்தில் ஒன்றே கால் அங்குலம் என்பது எனக்குப் போதும், பேன்ட்டை அக்காவிடமே கொடுத்து இடுப்பைத் தளர்த்தித் தைக்கச் சொல்லிவிட்டேன்.

நன்றாக இரு, நிறைய நாள் இரு, உடம்பில் தெம்போடு இரு, அதற்கு மேல் எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் ஏதாவது சாப்பிடு, எண்ணாமல் சாப்பிடு, அறைத்தோழியையும் கூப்பிட்டு வைத்துக்கொள். இன்னொன்று. கடிதம் உன் கைக்கு வர ஒன்பது நாளாகும் என்று தபாலாபீஸ் பெண் சொன்னாள். பத்தாவது நாள் நான் உன் வாசலில் நிற்பேன். அப்பாவுக்குத் தெரியாது, கடையில் பள்ளிச் சீருடை வேலை தொடங்கப்போகிற நேரம், முதலாளியிடம் லீவு கேட்கவே இல்லை, கட்டர் அக்காவிடம்கூட வாய் திறக்கவில்லை. போனில் சொன்னால் வராதே என்பாய், அப்படிச் சொல்ல உனக்கு நேரம் இருக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். மூன்று வாரம் இருப்பேன், டேப் கொண்டுவர மாட்டேன்.

மூன்று வேளையும் உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடப் போகிற,
உன் அம்மா